எட்டு மணி நேரத் தீவுகள்

சனிக்கிழமை காலை, மயாமி துறைமுகம். ஏழு நாள் கரீபியன் கடலைச் சுற்றிவிட்டு வந்து நிற்கிறது 'ஐகான் ஆஃப் தி சீஸ்'. நீளம் 365 மீட்டர். இருபது தளங்கள், ஏழு நீச்சல் குளங்கள். படுக்கைகள் எல்லாம் நிரம்பினால் 7,600 பயணிகள். அவர்களைக் கவனித்துக்கொள்ள 2,350 ஊழியர்கள். போன வாரத்துக் கூட்டம் பெட்டிகளை உருட்டிக்கொண்டு இறங்குகிறது. மதியத்துக்குள் அடுத்த கூட்டம் ஏறத் தொடங்கிவிடும். நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தில் எல்லா அறைகளிலும் விரிப்பு மாற வேண்டும், ஒரு வாரத்துக்கான அரிசியும் மாவும் முட்டையும் இறைச்சியும் பழமும் ஏற வேண்டும், குப்பை இறங்க வேண்டும். சாயங்காலம் கப்பல் மறுபடியும் கடலில்.

2024 ஜனவரியில் முதல் பயணம் கிளம்பிய இந்தக் கப்பலைப் பற்றிப் பேசுபவர்கள் அதன் நீர்ச்சறுக்குகளைப் பற்றியும் கடைகளைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். அது எந்தெந்தத் தீவுக்குப் போகிறது என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். கரீபியன் கப்பல் சுற்றுலாவின் இன்றைய கதை அங்கேதான் தொடங்குகிறது. தீவுகளைக் காட்டுவதற்காகப் பிறந்த கப்பல், தானே ஒரு தீவாக வளர்ந்துவிட்டது. நிஜத் தீவுகளுக்கு மிஞ்சுவது ஒரு பகல், கூட்டிக் கழித்தால் எட்டு மணி நேரம். அந்த எட்டு மணி நேரம் யாருக்குச் சொந்தம் என்பதில் அரை நூற்றாண்டாக ஓர் இழுபறி நடக்கிறது.

அதற்கு முன்பு நிலைமையே வேறு. 1958-ல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் பெருங்கடலைச் சில மணி நேரத்தில் தாண்டத் தொடங்கியதும், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ஓடிய பெரிய பயணிகள் கப்பல்கள் ஆளில்லாமல் தவித்தன. போக்குவரத்துக்குக் கப்பல் தேவையில்லை என்றால் வேறு எதற்கு? பதில் மயாமியில் கிடைத்தது. நார்வேக்காரர் க்னூட் க்ளோஸ்டரிடம் 'சன்வார்ட்' என்ற கப்பல் வேலையில்லாமல் நின்றது. இஸ்ரேலில் இருந்து அமெரிக்கா போன டெட் அரிசனிடம் பயணிகள் இருந்தார்கள், கப்பல் இல்லை. 1966 டிசம்பரில் இருவரும் சேர்ந்து மயாமியிலிருந்து பஹாமாஸுக்குக் கப்பல் விட்டார்கள். பின்னர் இருவரும் மனக்கசப்போடு பிரிந்தார்கள். அரிசன் 1972-ல் 'கார்னிவல்' நிறுவனத்தைத் தொடங்கினார். பழைய கப்பல் ஒன்றை வாங்கி 'மார்டி கிரா' என்று பெயர் மாற்றி, பயண முகவர்களை நிறைய ஏற்றிக்கொண்டு முதல் பயணம் கிளம்பினார். மயாமி துறைமுக வாசலிலேயே கப்பல் மணல்திட்டில் தட்டி நின்றுவிட்டது. அந்த நிறுவனம்தான் இன்று உலகின் மிகப் பெரிய கப்பல் சுற்றுலாக் குழுமம்.

1977 முதல் 1986 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய 'தி லவ் போட்' தொடர் மீதி வேலையைச் செய்தது. கப்பலில் விடுமுறை என்பது கோடீஸ்வரர்களின் சங்கதி என்று நினைத்திருந்த நடுத்தரக் குடும்பங்கள் டிக்கெட் விலையை விசாரிக்கத் தொடங்கின. 2023-ல் உலகம் முழுக்கக் கடல் சுற்றுலாக் கப்பல்களில் போனவர்கள் 3.17 கோடிப் பேர். அதில் மிகப் பெரிய பங்கு கரீபியனுக்குத்தான்.

ஏன் கரீபியன்? வரைபடத்தைப் பார்த்தாலே புரியும். செயின்ட் கிட்ஸ், ஆன்டிகுவா, குவாதலூப், டொமினிகா, மார்ட்டினிக், செயின்ட் லூசியா, கிரெனடா என்று தீவுகள் வில்லாக வளைந்து நிற்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓர் இரவுப் பயணம். ராத்திரி தூங்கப் போகும்போது பிரெஞ்சு பேசும் தீவு. விழித்தால் ஆங்கிலம் பேசும் தீவு, வேறு கொடி, வேறு சாப்பாடு. வட அமெரிக்கா பனியில் உறையும் மாதங்களில் இங்கே வெயிலும் இதமான காற்றும். பெட்டியை ஒரே ஒரு முறை பிரித்து அலமாரியில் வைத்துவிட்டால் ஒரு வாரத்தில் நாலு நாடு பார்க்கலாம். மூட்டுவலிக்காரப் பாட்டியும் ஓடித் திரியும் பேரனும் ஒரே விடுமுறையில் சந்தோஷமாக இருக்க முடிகிற ஏற்பாடு உலகத்தில் அதிகம் இல்லை. இந்த வகைச் சுற்றுலாவின் மேல் என்ன குறை சொன்னாலும், அந்த மகிழ்ச்சி நிஜமானது.

ஒரு பழைய சட்டமும் தீவுகளுக்குக் கைகொடுத்தது. 1886-ல் அமெரிக்கா இயற்றிய பயணிகள் கப்பல் சட்டத்தின்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்க முடியாது. இடையில் ஒரு வெளிநாட்டையாவது தொட வேண்டும். பெரிய சுற்றுலாக் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற நாடுகளில் பதிவானவை. 'ஐகான்' கப்பலின் பின்புறத்தில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர் நாசோ, பஹாமாஸின் தலைநகரம். மயாமியில் இருந்து கிளம்பி மயாமிக்கே திரும்பும் குறுகிய பயணங்கள்கூட பஹாமாஸைத் தொட்டுவிட்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிநாட்டில் பதிவு செய்தால் வரி குறைகிறது, அமெரிக்கத் தொழிலாளர் சட்டமும் பொருந்தாது. அதன் விளைவைப் பார்க்க நீர்மட்டத்துக்குக் கிட்டத்தில் உள்ள தளத்துக்கு இறங்க வேண்டும். கப்பலின் முனையிலிருந்து பின்பகுதிவரை ஓடும் நீளமான நடைபாதை ஒன்று அங்கே உண்டு. அமெரிக்க நெடுஞ்சாலையின் பெயரால் ஊழியர்கள் அதை 'ஐ-95' என்பார்கள். சாமான் வண்டிகளும் சமையல்காரர்களும் அறைப் பணியாளர்களும் இரவு பகலாக நடமாடும் சாலை அது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா எனப் பல நாட்டுக்காரர்கள். கோவா, கேரளம், தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம். வாரத்தில் ஏழு நாளும் வேலை. நாளுக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. சின்ன அறையில் இருவர். வீட்டுக்குப் பணம் அனுப்ப முடிகிறது, அதனால் திரும்பத் திரும்ப வருகிறார்கள். பல கப்பல்களில் டிப்ஸ் தொகை நாள் கணக்கில் பயணியின் பில்லில் தானாகவே சேர்ந்துவிடும். வரவேற்பு மேசைக்குப் போய் அதை நீக்கச் சொல்லும் பயணிகளும் உண்டு. செய்யக் கூடாத காரியம் அது. அந்தப் பணத்தை நம்பித்தான் கீழ்த்தளத்துக் குடும்பங்கள் பலவும் ஓடுகின்றன.

இயந்திரங்களைப் பற்றி அதிகம் சொல்ல இடமில்லை. கடல்நீரைக் காய்ச்சியும் சவ்வுகள் வழியே அழுத்தி வடிகட்டியும் கப்பல் தனக்கான நன்னீரைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அடிப்பக்கத்தில் சுழலும் உந்திகள் இருப்பதால் இழுவைப் படகு உதவியில்லாமலே நின்ற இடத்தில் திரும்பும். பக்கவாட்டில் நீளும் துடுப்புகள் ஆட்டத்தைக் குறைக்கும். தலைசுற்றலுக்குப் பயப்படுபவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், தாழ்வான தளத்தில் அறை கேட்பது நல்லது. கிளம்புமுன் நடக்கும் அவசரகாலப் பயிற்சியைச் சிலர் சலிப்போடு தட்டிக்கழிப்பார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் 'கோஸ்டா கான்கோர்டியா' பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானோருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றுதான் அப்போது விதி இருந்தது. கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனோ நடத்த வேண்டும் என்று உலக விதி மாறியது அதற்குப் பிறகுதான்.

பணம் எங்கே போகிறது?

டிக்கெட் விலை மலிவாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பயணி கப்பலில் ஏறிய பிறகு செலவழிக்கும் பணத்தில் இருந்து வருகிறது. மது, சூதாட்டக்கூடம், மசாஜ், சிறப்பு உணவகம், இணையம், கரைச் சுற்றுலா என்று எல்லாவற்றுக்கும் தனி விலை. அப்படியானால் பயணி கப்பலை விட்டு இறங்கும் ஒவ்வொரு மணி நேரமும் நிறுவனத்துக்கு வரவேண்டிய பணம் வெளியே போகும் நேரம். இந்தக் கணக்கில் இருந்து பிறந்ததுதான் தனியார் தீவு.

1977-ல் பஹாமாஸின் கிரேட் ஸ்டிரப் கே தீவை நார்வேஜியன் நிறுவனம் வாங்கியது. டிஸ்னி நிறுவனத்தின் காஸ்ட்அவே கே 1998-ல் வந்தது. மணல் அள்ளிச் சீரழிந்து கிடந்த ஓஷன் கே-யைச் சீரமைத்து எம்எஸ்சி நிறுவனம் 2019-ல் திறந்தது. அதே ஆண்டு ராயல் கரீபியன் 25 கோடி டாலர் செலவில் கோகோ கே-யை நீர்ச்சறுக்குப் பூங்காவாக மாற்றியது. 2025 ஜூலையில் கிராண்ட் பஹாமா தீவில் கார்னிவலின் 'செலிப்ரேஷன் கீ'. வெண்மணல், தெளிந்த தண்ணீர், சாய்வு நாற்காலி, பாதுகாப்பு எல்லாம் உண்டு. ஊர் கிடையாது. சந்தையும் பள்ளிக்கூடமும் தேவாலயமும் கிடையாது, தேநீர்க் கடையில் வம்பு பேசும் கிழவர்களும் கிடையாது. ஹைத்தியின் வட கரையில் உள்ள லபாடி இதில் மனதைக் கனக்கச் செய்யும் உதாரணம். 1986 முதல் ராயல் கரீபியன் குத்தகைக்கு எடுத்திருந்த அந்தக் கடற்கரை வேலிக்கு உள்ளே இருந்தது. அமெரிக்கக் கண்டத்தின் மிக ஏழ்மையான நாடு வேலிக்கு வெளியே இருந்தது. ஹைத்தியின் வன்முறை முற்றியதும் கப்பல்கள் அங்கே போவது நின்றது.

ஊர் இருக்கும் துறைமுகங்களிலும் இந்த வேலி வேறு வடிவில் நிற்கிறது. ஜமைக்காவின் ஃபால்மத் பதினெட்டாம் நூற்றாண்டின் சர்க்கரைத் துறைமுகம். நியூயார்க்குக்கு முன்பே எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது என்று ஊர்க்காரர்கள் பெருமை சொல்வார்கள். அன்றைய மிகப் பெரிய கப்பல்களுக்காகவே 2011-ல் அங்கே புதிய துறை கட்டப்பட்டது. துறைக்குள்ளேயே கடைகளும் உணவகங்களும். அதே நகைக்கடை, அதே கைக்கடிகாரக் கடை, அதே டி-ஷர்ட். வாசலைத் தாண்டினால் அழகான பழைய வீடுகளும் சந்தையும் ஐந்து நிமிட நடைதான். ஆனால் ஏராளமான பயணிகள் வாசலைத் தாண்டுவதே இல்லை. தாண்டுபவர்களிலும் பலர் குளிர்சாதனப் பேருந்தில் ஊரைக் கடந்து போய்விடுகிறார்கள். கப்பலிலேயே பதிவு செய்யும் கரைச் சுற்றுலாவுக்குப் பயணி கட்டும் தொகையில் கணிசமான பங்கு நிறுவனத்துக்கே போகிறது. வண்டி ஓட்டும் உள்ளூர்க்காரருக்கு மீதி.

தீவுகள் எதிர்த்துக் கேட்கவில்லையா? கேட்டன. 1990-களின் இறுதியில் கிழக்குக் கரீபியத் தீவுகள், கப்பல் குப்பை உள்ளிட்ட கழிவுகளைக் கையாள்வதற்காகப் பயணிக்கு ஒன்றரை டாலர் கட்டணம் கொண்டுவந்தன. பயணியின் ஒரு குளிர்பானத்துக்குக்கூடக் காணாத தொகை. 1999-ல் கார்னிவல் அதைக் கட்டுவதற்குப் பதில் கிரெனடாவைத் தன் பயண அட்டவணையில் இருந்தே எடுத்துவிட்டது. ஒரு லட்சம் பேர் வாழும் தீவால் என்ன செய்ய முடியும்? பக்கத்துத் தீவு கப்பலை வரவேற்கத் தயாராக இருந்தது. நகர முடியாத தீவுகளோடு எந்த நேரமும் வேறு திசைக்குத் திரும்பக்கூடிய கப்பல் பேரம் பேசியது.

பெரிய நாடுகளுக்குக் கொஞ்சம் தெம்பு உண்டு. ஆண்டுக்கு 40 லட்சம் கப்பல் பயணிகளுக்கு மேல் வந்து இறங்கும் கோசுமெல் தீவு மெக்சிகோவுடையது. பயணிக்கு 42 டாலர் வரி என்று மெக்சிகோ முதலில் அறிவித்தது, நிறுவனங்கள் கொதித்தன, 2025 ஜூலை முதல் 5 டாலர், பிறகு ஆண்டுக்காண்டு படிப்படியாகக் கூட்டுவது என்று சமரசம் ஆனது.

கேமன் தீவுகளின் கதை இன்னும் சுவையானது. தலைநகர் ஜார்ஜ் டவுனில் பெரிய கப்பல்கள் அணையத் துறையே கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரம் பாய்ச்ச, சிறு படகுகளில் பயணிகள் கரைக்கு வருவார்கள். துறை கட்ட வேண்டும் என்று அரசு பல காலம் முயன்றது. துறை வந்தால் துறைமுகத்தின் பவளப்பாறைகள் அழியும் என்று மக்கள் 2019-ல் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள். கடைசியில் 2025 ஏப்ரல் 30 அன்று பொதுத்தேர்தலோடு சேர்த்து வாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய மூன்றில் இருவர் துறை வேண்டாம் என்றார்கள். சுற்றுலாவை நம்பி வாழும் தீவு, வருபவர்களின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு என்று வாக்குச்சீட்டில் எழுதிக் கொடுத்தது. கரீபியன் எங்கும் கவனிக்கப்பட்ட முடிவு அது.

பவளத்தைப் பற்றிய பயம் வெறும் பயமல்ல. கல் பவளங்களின் திசுவை உரித்துத் தின்னும் நோய் 2014-ல் மயாமி அருகே முதலில் தென்பட்டு, 2018-ல் கோசுமெல்லை எட்டியது. கடலுக்கு வேறு காயங்களும் உண்டு. எண்ணெய் கலந்த கழிவுநீரைக் குறுக்குக் குழாய் வைத்துத் திருட்டுத்தனமாகக் கடலில் விட்டதற்காக 2016-ல் பிரின்சஸ் நிறுவனம் 4 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. நன்னடத்தைக் காலத்திலேயே பஹாமாஸ் கடலில் பிளாஸ்டிக் கலந்த உணவுக்கழிவைக் கொட்டியது உள்ளிட்ட மீறல்களுக்காக, அதன் தாய் நிறுவனமான கார்னிவல் 2019-ல் மேலும் 2 கோடி டாலர் கட்டியது.

கப்பல்கள் கைகொடுத்த நாளையும் சொல்ல வேண்டும். 2017 செப்டம்பரில் இர்மா, மரியா என்று இரண்டு சூறாவளிகள் இரண்டே வார இடைவெளியில் கரீபியனைப் புரட்டிப் போட்டன. 'அட்வென்ச்சர் ஆஃப் தி சீஸ்' கப்பல் தன் சுற்றுலாவை ரத்து செய்துவிட்டு, போர்ட்டோ ரிக்கோவிலும் வர்ஜின் தீவுகளிலும் சுமார் 3,800 பேரை ஏற்றிக்கொண்டு ஃபுளோரிடாவில் சேர்த்தது.

ஒரேலி கப்பலின் பேரப்பிள்ளைகள்

தமிழ்ப் பயணி ஒருவர் கரீபியன் கப்பலில் ஏறுவதாக இருந்தால், குவாதலூப் அட்டவணையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 1848-ல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் இருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். 'ஒரேலி' என்ற பாய்மரக் கப்பல் 1853 மே மாதம் மார்ட்டினிக்கையும், 1854 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் குவாதலூப்பையும் அடைந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். பாதிப் பேர் தோட்டங்களிலேயே மாண்டார்களோ என்று எண்ண வைக்கும் துயரம் அந்த வரலாறு. பேச்சில் தமிழ் போய்விட்டது. மாரியம்மனும் மதுரை வீரனும் போகவில்லை.

இன்று பெரிய கப்பல்கள் அணையும் புவான்தாபீத் துறைமுகத்தில் இருந்து, கார்பே அருவியைப் பார்க்கப் போகும் சாலையில், காபெஸ்தேர் ஊருக்குப் பக்கத்தில் ஷாஞ்சி கோயில் இருக்கிறது. நம் ஊர்க் கோயில்போல வண்ணச் சுதைச் சிற்பங்கள். துறைமுகத்தில் இருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்த ஊரில் பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்திய வம்சாவளியினருக்கு முழு பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று 1904-ல் தொடங்கிய சட்டப் போராட்டம் 1923 வரை நீண்டு, வென்றது. சந்தையில் 'மெட்ராஸ்' என்ற பெயரில் விற்கும் கட்டம் போட்ட துணி, இங்கிருந்து போன நெசவின் வாரிசு. குவாதலூப், மார்ட்டினிக், டொமினிகா, செயின்ட் லூசியாப் பெண்களின் பாரம்பரிய உடையே அதில்தான். ஒரு காலத்தில் சொகுசு என்பதே இல்லாமல் மூன்று மாதம் கடலில் மிதந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களை, சொகுசுக் கப்பலில் வந்து இறங்கும் தமிழர்கள் ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் கடந்து போவது நியாயமில்லை.

எட்டு மணி நேரத்தை எப்படிச் செலவிடலாம் என்பதற்கு டொமினிகா நல்ல இடம். வெண்மணல் கடற்கரை அங்கே அபூர்வம். மழைக்காடும் வெந்நீர் ஊற்றும் ஏராளம். ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் ஆண்டு முழுதும் கரைக்கு அருகிலேயே வாழ்கின்றன. அவற்றுக்கென 788 சதுர கிலோமீட்டரில் ஒரு காப்பகத்தை அந்தச் சிறு நாடு 2023-ல் அறிவித்தது. தலைநகர் ரோசோவில் இறங்கி உள்ளூர்ப் படகுக்காரரோடு திமிங்கிலம் பார்க்கப் போனால், பணம் அந்த ஊரிலேயே தங்கும். பயணிகள் திரும்பி வரும் கெடு நேரத்துக்கு ஒரு மணி முன்பே துறைக்கு வந்துவிட வேண்டும்; சொந்தமாக ஊர் சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

மற்றபடி தெரிந்துகொள்ள வேண்டியவை சில. சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை; ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர்வரை உக்கிரம். அப்போது டிக்கெட் மலிவு, பாதை எந்த நேரமும் மாறலாம். டிசம்பர் முதல் ஏப்ரல்வரை நல்ல காலம். தெற்கே வெனிசுவேலாவை ஒட்டிய அரூபா, குராசோ, பொனேர் மூன்றும் பெரும்பாலும் சூறாவளிப் பாதைக்கு வெளியே இருப்பவை. மயாமியில் ஏறி மயாமியில் இறங்கும் இந்தியருக்கு, பலமுறை நுழைய அனுமதிக்கும் அமெரிக்க விசா கட்டாயம். தீவுகளின் விசா விதிகளைத் தனித்தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். வயிற்றுப்போக்குக் கிருமியான நோரோவைரஸுக்குக் கைச்சுத்திகரிப்பு ஜெல்லைவிட சோப்பும் தண்ணீரும்தான் மருந்து.

இவ்வளவு தூரம் போக முடியாதவர்களைத் தேடி ஒரு கரீபியன் கப்பலே வங்கக் கடலுக்கு வந்தது. மயாமியில் இருந்து பஹாமாஸுக்கு மூன்று நாள், நாலு நாள் பயணம் போவதற்கென்றே ராயல் கரீபியன் 1990-ல் கட்டிய 'நோர்டிக் எம்பிரஸ்', கை மாறி, 'எம்பிரஸ்' என்ற பெயரில் கோர்டிலியா நிறுவனத்திடம் வந்து, 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் இருந்து பயணிகளோடு கிளம்பியது. 'ஐகான்' ஏற்றும் பயணிகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குக்குத்தான் அதில் இடம். அடுத்த ஆண்டு ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைத் தொட்டது. போரில் சிதைந்த வடக்கின் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் வந்து நின்றது பெரிய சேதி. இந்தப் பயணங்கள் பெருகுமானால், ஃபால்மத்துக்கு 2011-ல் வந்த கேள்விகள் இந்த ஊர்களுக்கும் வரும். துறைக்குள் கடை போடுவது யார், பயணியைக் கீரிமலைக்கோ கோணேசர் கோயிலுக்கோ கூட்டிப் போவது யாருடைய வண்டி, பயணிக்கு எவ்வளவு கட்டணம், அந்தப் பணத்தில் ஊராட்சிக்கு எவ்வளவு? இவற்றுக்கான பதில்களை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்து எழுதிக்கொள்ள வேண்டும். காங்கேசன்துறையிலும் திருகோணமலையிலும் அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.